மெட்டல் இசைக்குழுக்களின் ஒலி மாற்றமும் ரசிகர்களின் எதிர்வினையும்

ஹெவி மெட்டல் இசைக்குழு ஒன்று தனக்குப் பெயர் வாங்கித் தந்த வாசிப்பு முறை, குரல், வேகம், பாடல் அமைப்பு ஆகியவற்றைக் காலப்போக்கில் மாற்றிக்கொள்வது ஒலி மாற்றம் எனப்படுகிறது. எல்லா வகை இசையிலும் மாற்றம் உண்டு. ஆனால் மெட்டல் இசையில் அது பல நேரங்களில் நம்பிக்கைத் துரோகமாகவே பேசப்படுகிறது. குழு தங்களை விட்டுப் போய்விட்டதாக ரசிகர்கள் வருந்துவதும், பழைய இசைத்தட்டுகளை மட்டும் ஏற்றுப் புதியவற்றை மறுப்பதும், பல ஆண்டுகள் கழித்து அந்தத் தீர்ப்பை மாற்றிக்கொள்வதும் இவ்விசையின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் நடந்துள்ளன. 1970 முதல் இன்று வரையான சில முக்கிய நிகழ்வுகளையும், இந்தியக் குழுக்களின் அனுபவத்தையும், சிங்கப்பூரில் தமிழர்கள் தொடங்கிய ருத்ரா குழுவின் பாதையையும் இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ் வாசகர்கள் நன்கறிந்த நாதசுவர மரபில் நிகழ்ந்த ஒரு மாற்றமும் ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

மெட்டல் ஒலியின் கூறுகள்

மெட்டல் இசையின் அடிப்படை மின்கிதார். கிதாரின் ஒலியை மின்பெருக்கியில் அளவுக்கு மீறிப் பெருக்கினால் அது சிதைந்து, கரகரப்பும் கனமும் கொண்ட ஒலியாக மாறும். அந்தச் சிதைவையே அழகாகக் கொள்வது மெட்டல். ஒரே சுரத்தொடரை அழுத்தமாகத் திரும்பத் திரும்ப வாசிக்கும் முறை ‘ரிஃப்’ எனப்படும். கர்நாடக இசையில் பல்லவி எப்படியோ, மெட்டல் பாடலுக்கு ரிஃப் ஏறத்தாழ அப்படி. இதனுடன் கனத்த பேஸ் கிதார், இரு கால்களாலும் மிதித்து வாசிக்கும் இரட்டை பேஸ் டிரம், உச்சத்தில் ஓங்கும் குரல் அல்லது அடித்தொண்டையிலிருந்து எழும் உறுமல் குரல் ஆகியவை சேரும்.

இக்கூறுகளின் அளவைப் பொறுத்து இது பல கிளைகளாகப் பிரிந்தது. வேகம் மிகுந்தது திராஷ் மெட்டல். உறுமல் குரலும் கனமும் மிகுந்தது டெத் மெட்டல். மெதுவாகவும் துயரமாகவும் ஒலிப்பது டூம் மெட்டல். கிளைகள் இவ்வளவு நுணுக்கமாகப் பிரிந்துள்ளதால், ஒரு குழு வேகத்தைச் சற்றுக் குறைத்தாலும் ரசிகர்கள் உடனே கண்டுகொள்வார்கள். வெளியாளுக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகக் கேட்கும் இடத்தில், பழகிய காது எல்லைக்கோடுகளைக் கேட்கிறது. ஒலி மாற்றம் இங்கே பெரிய விவாதமாவதற்கு இதுவே முதல் காரணம்.

தொடக்கமே ஒரு மாற்றம்

மெட்டல் இசையின் முன்னோடியாகப் பலரும் ஏற்கும் குழு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த பிளாக் சாபத். அதன் கிதார் கலைஞர் டோனி அயோமி இளமையில் தகரத் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். 1965-இல், 17 வயதில், அங்கு நேர்ந்த விபத்தில் வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனிகளை இழந்தார். அவர் இடக்கையால் தந்தியை மீட்டுபவர். எனவே தந்திகளை அழுத்த வேண்டிய விரல்களே போயின. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்து, அதன்மேல் தோல் ஒட்டி அணிந்துகொண்டு அவர் மீண்டும் வாசித்தார். மெல்லிய தந்திகளைப் பயன்படுத்தினார். பின்னர் தந்திகளின் இறுக்கம் குறையும்படி சுருதியையும் இறக்கினார்.

குழுவின் முதல் இசைத்தொகுப்பு 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது. 1971-இல் வெளிவந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ தொகுப்பில் பல பாடல்களுக்கு வழக்கமான சுருதியிலிருந்து மூன்று அரைச்சுரங்கள் இறக்கி வாசித்தனர். விரல் வலியைக் குறைக்கச் செய்த ஏற்பாடு புதிய கனத்தைத் தந்தது. பின்னாளில் ஆயிரக்கணக்கான குழுக்கள் அந்தத் தாழ்ந்த சுருதியை மெட்டலின் இலக்கணமாகவே பின்பற்றின. மாறக் கூடாத மரபு என்று ரசிகர்கள் காக்கும் ஒலியும் ஒரு காலத்தில் கட்டாயத்தால் வந்த மாற்றமே என்பதற்கு இது சான்று.

பாடகர் மாறும்போது

ஒலி மாற்றங்களில் மிக வெளிப்படையானது பாடகர் மாற்றம். 1979-இல் பிளாக் சாபத் தன் பாடகர் ஓஸி ஆஸ்போர்னை நீக்கியது. அவருக்குப் பதிலாக வந்த ரானி ஜேம்ஸ் டியோவின் குரல் முற்றிலும் வேறுவகை. ஆஸ்போர்ன் கிதாரின் ரிஃபோடு ஒட்டிப் பாடுபவர். டியோ ரிஃபுக்கு மேல் தனி மெட்டை எழுப்பிப் பாடுபவர். இதனால் பாடல் அமைப்பே மாறியது. 1980-இல் வந்த ‘ஹெவன் அண்ட் ஹெல்’ தொகுப்பு வெற்றி பெற்றாலும், ரசிகர்கள் இரு அணிகளாயினர்.

இந்தப் பிரிவு எவ்வளவு ஆழமானது என்பதைப் பின்னாளில் குழுவினரே ஏற்றுக்கொண்டனர். டியோவுடன் அவர்கள் 2006-இல் மீண்டும் சேர்ந்தபோது பிளாக் சாபத் என்ற பெயரைப் பயன்படுத்தவில்லை. ‘ஹெவன் அண்ட் ஹெல்’ என்ற தனிப்பெயரிலேயே மேடை ஏறினர். 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமில் நடந்த விடைபெறும் நிகழ்ச்சியில் ஆஸ்போர்ன் உள்ளிட்ட தொடக்கக் கால நால்வரும் சேர்ந்து வாசித்தனர். அடுத்த சில வாரங்களுக்குள், ஜூலை 22 அன்று, ஆஸ்போர்ன் காலமானார்.

அயர்ன் மெய்டன் குழுவில் இதற்கு நேர்மாறானது நடந்தது. முதல் இரு தொகுப்புகளில் பாடிய பால் டியானோவுக்குப் பதிலாக புரூஸ் டிக்கின்சன் 1981-இல் வந்தார். 1982-இல் வெளிவந்த ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ குழுவை உலகப் புகழுக்குக் கொண்டு சென்றது. புதிய குரலே அக்குழுவின் அடையாளம் ஆகிவிட்டது. ஆகவே 1990-களில் டிக்கின்சன் விலகி பிளேஸ் பெய்லி பாடியபோது ரசிகர்கள் அவரை முழுமையாக ஏற்கவில்லை. 1999-இல் டிக்கின்சன் திரும்பினார். அவருடன் வந்த அக்குழு 2007 மார்ச் 17 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்தது இந்திய மெட்டல் ரசிகர்கள் இன்றும் நினைவுகூரும் நிகழ்ச்சி.

மெட்டாலிக்கா: பெருவெற்றியும் பிளவும்

ஒலி மாற்றம் பற்றிய எந்தப் பேச்சும் அமெரிக்காவின் மெட்டாலிக்கா குழுவைத் தொடாமல் முடிவதில்லை. 1983-இல் வந்த முதல் தொகுப்பு ‘கில் எம் ஆல்’ வேகமே உயிரான திராஷ் மெட்டல். 1984-இல் வந்த இரண்டாம் தொகுப்பில் மென்மையான கிதார் வாசிப்புடன் தொடங்கும் ஒரு மெதுவான பாடல் இருந்தது. அந்த ஒரு பாடலுக்கே, குழு விலைபோய்விட்டது என்று ஒரு சாரார் குறைகூறினர். இன்று அதே பாடல் அக்குழுவின் சிறந்த படைப்புகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது.

1986-இல் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ வெளிவந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 27 அன்று சுவீடனில் நடந்த பேருந்து விபத்தில் பேஸ் கிதார் கலைஞர் கிளிஃப் பர்டன் உயிரிழந்தார். அவருக்குப் பின் ஜேசன் நியூஸ்டெட் சேர்ந்தார். 1988-இல் வந்த நான்காம் தொகுப்பின் பாடல்கள் நீளமாகவும் சிக்கலாகவும் இருந்தன. இனி இதே வழியில் மேலும் செல்ல இயலாது என்ற நிலைக்குக் குழுவினர் வந்தனர்.

1991 ஆகஸ்டில் வெளியான, குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட தொகுப்பை அதன் கரிய அட்டையால் ‘கறுப்புத் தொகுப்பு’ என்று அழைப்பார்கள். பாடல்கள் சுருங்கின, வேகம் குறைந்தது, ஒலிப்பதிவு தெளிவும் கனமும் பெற்றது. ஒரு பாடலுக்கு வாத்தியக்குழு இசையும் சேர்ந்தது. தயாரிப்பாளராக வந்த பாப் ராக் அதற்கு முன் வணிக வெற்றி பெற்ற ராக் இசைத்தட்டுகளைத் தயாரித்தவர் என்பதால், பழைய ரசிகர்களின் ஐயம் அவர்மேலும் விழுந்தது. அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் இத்தொகுப்பு விற்றது. அதுவரை மெட்டல் கேட்காத பல இலட்சம் பேர் இதன் வழியே உள்ளே வந்தனர். திராஷ் ரசிகர்களில் ஒரு பகுதியினர் வெளியேறினர்.

அடுத்து 1996-இல் வந்த ‘லோட்’ தொகுப்பு பெரிய சலசலப்பை உண்டாக்கியது. இசையில் பழைய ராக், புளூஸ் சாயல் மிகுந்திருந்தது. ஆனால் இசையைவிட அதிகம் பேசப்பட்டது, உறுப்பினர்கள் நீண்ட கூந்தலை வெட்டிக்கொண்டது. மெட்டல் உலகில் நீள்முடி ஒரு சீருடை போன்றது. முடியை வெட்டியதை ரசிகர்கள் கொடியை இறக்கியதாகவே எடுத்துக்கொண்டனர்.

2001-இல் நியூஸ்டெட் விலகினார். பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் மதுப்பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சைக்குச் சென்றார். அந்தக் கொந்தளிப்பில் உருவான ‘செயின்ட் ஆங்கர்’ 2003-இல் வெளிவந்தது. அதில் கிதார் தனிவாசிப்பே இல்லை. சிறிய டிரம் தகரப் பாத்திரத்தைத் தட்டியதுபோல ஒலித்தது. இந்த டிரம் ஒலி இன்றுவரை ரசிகர்களிடையே கேலிப்பொருள். இனி பாப் ராக் தயாரிக்கக் கூடாது என்று ரசிகர்கள் கையெழுத்து இயக்கமும் நடத்தினர். 2008-இல் வேறு தயாரிப்பாளருடன் வந்த ‘டெத் மேக்னெட்டிக்’ பழைய வேகத்துக்குத் திரும்பியது. இம்முறை பாடல்களைப் பலரும் வரவேற்றனர். ஆனால் ஒலிப்பதிவு அளவுக்கு மீறிய சத்தத்தில் இருப்பதாகக் குறைகூறினர். அதே பாடல்கள் ஒரு வீடியோ விளையாட்டில் இதைவிடத் தெளிவாகக் கேட்பதைக் கண்டுபிடித்து, தொகுப்பைத் திருத்தி வெளியிடும்படி ஆயிரக்கணக்கானோர் மனு எழுதினர்.

2021-இல், கறுப்புத் தொகுப்பின் 30 ஆண்டு நிறைவையொட்டி 53 கலைஞர்களும் குழுக்களும் அதன் பாடல்களைத் தத்தம் பாணியில் பாடி வெளியிட்டனர். 1991-இல் விலைபோனதன் அடையாளம் என்று பழிக்கப்பட்ட தொகுப்பு, ஒரு தலைமுறைக்குள் பொதுச் சொத்தாகிவிட்டது.

சென்னையில் கேட்ட ஓபெத்

சுவீடனின் ஓபெத் குழுவுக்குத் தமிழ்நாட்டுடன் நேரடித் தொடர்பு உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சாரங்’ விழாவில் 2009-இல் அக்குழு வாசித்தது. உறுமல் குரலும் இனிய குரலும் ஒரே பாடலில் மாறி மாறி வருவது ஓபெத்தின் தனித்தன்மை. இரண்டையும் பாடுபவர் ஒருவரே: குழுத் தலைவர் மிகைல் ஓகர்ஃபெல்ட். 2001-இல் வந்த ‘பிளாக்வாட்டர் பார்க்’ இவ்வகையின் உச்சமாகக் கருதப்படுகிறது. 2003-இல் உறுமல் குரலே இல்லாத ‘டாம்னேஷன்’ தொகுப்பை வெளியிட்டபோது ரசிகர்கள் பெரிதாக எதிர்க்கவில்லை. அதோடு சேர்த்து உருவாக்கிய, மிகக் கனமான ‘டெலிவரன்ஸ்’ தொகுப்பை முந்தைய ஆண்டே வெளியிட்டிருந்ததால், மென்மையான தொகுப்பை ஒரு துணைப் படைப்பாக ஏற்றுக்கொண்டனர்.

2011-இல் வந்த ‘ஹெரிட்டேஜ்’ அவ்வாறு ஏற்கப்படவில்லை. உறுமல் குரல் முழுவதும் மறைந்தது. 1970-களின் முற்போக்கு ராக் இசையின் சாயல் நிறைந்தது. அதையொட்டிய சுற்றுப்பயணத்தில் மேடையிலும் உறுமல் பாடல்களைத் தவிர்த்தபோது ரசிகர்கள் வெளிப்படையாகவே கோபப்பட்டனர். அதன்பின் பழைய பாடல்கள் மேடைக்குத் திரும்பினாலும், புதிய தொகுப்புகள் உறுமல் இன்றியே தொடர்ந்தன. 2024-இல் வந்த ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமெண்ட்’ தொகுப்பில்தான், 2008-க்குப் பின் 16 ஆண்டுகள் கழித்து, அந்தக் குரல் மீண்டும் ஒலித்தது. இடைப்பட்ட காலத்தில் மென்மையான ஓபெத்தை மட்டுமே அறிந்த புதிய ரசிகர் கூட்டமும் உருவாகியிருந்தது. ஒருவருக்குத் திரும்பி வந்த ஒலி மற்றவருக்குப் புதிய ஒலியாக இருந்தது.

தோல்வியுற்ற மாற்றங்கள்

எல்லா மாற்றங்களும் காலத்தால் மன்னிக்கப்படுவதில்லை. சுவிட்சர்லாந்தின் செல்டிக் ஃபிராஸ்ட் குழு இருண்ட, கடுமையான இசைக்குப் பெயர் பெற்றது. 1988-இல் அது ‘கோல்ட் லேக்’ என்ற தொகுப்பில் அப்போது விற்பனையில் இருந்த பளபளப்பான ராக் பாணிக்கு மாறியது. ஒப்பனையும் சிகையலங்காரமும் அதற்கேற்ப மாறின. ரசிகர்கள் அதை முற்றிலும் நிராகரித்தனர். குழுத் தலைவர் தாம் வாரியரே பின்னாளில் அதைத் தம் படைப்புகளில் மோசமானதாகக் கூறினார். குழுவின் பழைய தொகுப்புகள் மறுபதிப்பானபோது அது சேர்க்கப்படவில்லை.

இங்கிலாந்தின் ஜூடாஸ் பிரீஸ்ட் 1986-இல் ‘டர்போ’ தொகுப்பில் கிதாரோடு சின்தசைசர் ஒலியைச் சேர்த்தது. தொகுப்பு விற்றது, ஆனால் பழைய ரசிகர்கள் முகம் சுளித்தனர். 1990-இல் அக்குழு முன்பைவிட வேகமான ‘பெயின்கில்லர்’ தொகுப்பைக் கொடுத்து மதிப்பை மீட்டது. இங்கிலாந்தின் மற்றொரு குழுவான பாரடைஸ் லாஸ்ட் 1999-இல் ‘ஹோஸ்ட்’ தொகுப்பில் மின்னணு இசைக்குச் சென்று, பின்னர் படிப்படியாகக் கனமான ஒலிக்குத் திரும்பியது. 2015-இல் உறுமல் குரலும் திரும்பியது.

இன்னொரு பக்கம், ஏறத்தாழ மாறாமலே வாழ்ந்த குழுக்களும் உண்டு. இங்கிலாந்தின் மோட்டர்ஹெட் 1975 முதல் 2015 வரை ஒரே வகை இசையை வாசித்தது. அதன் ரசிகர்கள் கேட்டது அதைத்தான். ஆனால் அக்குழுவின் எந்தப் புதிய தொகுப்பும் தொடக்கக் காலத் தொகுப்புகள் அளவுக்குப் பேசப்படவில்லை. மாறாமைக்கும் ஒரு விலை உண்டு.

இந்தியக் குழுக்கள்

இந்தியாவில் இந்த வரலாறு வேறு வரிசையில் வந்து சேர்ந்தது. 1980-களில் மெட்டல் இசை ஒலிநாடாக்கள் வழியே நண்பர் கைமாறி நண்பருக்குப் பரவியது. 1990-களில் செயற்கைக்கோள் தொலைக்காட்சியும், 1993-இல் அலகாபாத்தில் தொடங்கிய ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ இதழும் உதவின. ஒலிநாடாக்கள் வெளியான வரிசையில் கிடைப்பதில்லை. மெட்டாலிக்காவின் 1991 தொகுப்பை முதலில் கேட்டுவிட்டு 1983 தொகுப்பைப் பின்னால் தேடியவர்களுக்கு, அந்த மாற்றம் துரோகமாகத் தோன்ற வாய்ப்பில்லை. அவர்களுக்கு அதுவே வாசற்படி. 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூரில் மெட்டாலிக்கா வாசித்தபோது இரு காலப் பாடல்களையும் ஒரே கூட்டம் சேர்ந்து பாடியது. இரு நாள் முன்பு தில்லியை அடுத்த குருகிராமில் நடக்கவிருந்த நிகழ்ச்சி ரத்தானபோது, ஆத்திரமுற்ற கூட்டம் மேடையை உடைத்த செய்தியும் நாளிதழ்களில் வந்தது.

இந்தியக் குழுக்களின் ஒலி மாற்றத்தில் ‘யாருடைய இசை’ என்ற கேள்வி சேர்ந்துகொள்கிறது. மும்பையில் 1984-இல் தொடங்கிய ராக் மெஷின் குழு 1988-இல் முதல் தொகுப்பை வெளியிட்டது. மேலைநாட்டு ஹார்டு ராக் பாணியில் வாசித்துப் புகழ்பெற்ற இக்குழு, 1993-இல் ‘இண்டஸ் கிரீட்’ எனப் பெயரை மாற்றிக்கொண்டது. சிந்து நதியின் பெயரைத் தாங்கிய புதிய பெயரோடு இசையின் போக்கும் மாறியது. பழைய பெயரில் பழகிய ரசிகர்களுக்கு இது பெரிய மாற்றம்.

பெங்களூரில் 1998-இல் தொடங்கிய கிரிப்டோஸ் எதிர்த்திசையில் சென்றது. 2004-இல் வந்த ‘ஸ்பைரல் அசெண்ட்’ உள்ளிட்ட தொடக்கத் தொகுப்புகள் சிக்கலான அமைப்புடையவை. 2016-இல் வந்த ‘பர்ன் அப் தி நைட்’ முதல் அக்குழு 1980-களின் எளிய, நேரடியான ஹெவி மெட்டலை நோக்கித் திரும்பியது. ஜெர்மனியின் வாக்கன் விழா மேடைவரை அது சென்றது. தில்லியில் 2016-இல் தொடங்கிய பிளடிவுட், பிரபலமான பாப் பாடல்களைக் கேலியாக மெட்டலில் வாசிக்கும் குழுவாக அறியப்பட்டது. பின்னர் தோல் முரசும் பஞ்சாபி, இந்தி வரிகளும் கொண்ட சொந்தப் பாடல்களுக்கு மாறி, 2022-இல் ‘ரக்ஷக்’ தொகுப்பை வெளியிட்டது. விளையாட்டாகத் தொடங்கிய குழு மனநலம், வன்முறை முதலிய பொருள்களைப் பாடியபோது கூட்டம் குறையவில்லை, பெருகியது.

சிங்கப்பூரின் ருத்ரா

தமிழர்களோடு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு சிங்கப்பூரின் ருத்ரா. 1992-இல் தொடங்கிய இக்குழுவின் நிறுவனர்களில் ஒருவரான கதிரேசன் பேஸ் கிதார் வாசித்துக்கொண்டே பாடுபவர். தொடக்கத்தில் இக்குழு வாசித்தது, அக்காலத் தென்கிழக்காசிய நகரங்கள் பலவற்றிலும் இளைஞர்கள் வாசித்த டெத் மெட்டல் வகையே. இடையில் சில காலம் கலைந்திருந்து மீண்டும் கூடியது. குழுவின் பெயரைத் தாங்கிய முதல் தொகுப்பு 1998-இல் வெளிவந்தது.

சிவபெருமானின் பெயரைச் சூட்டிக்கொண்ட குழு, படிப்படியாக வேதாந்தக் கருத்துகளையும் வடமொழி மந்திரங்களையும் இந்திய இசைக் கூறுகளையும் தன் இசைக்குள் கொண்டு வந்தது. 2001, 2003 ஆண்டுகளின் தொகுப்புகளில் இப்போக்கு வளர்ந்தது; பின்னதன் தலைப்பே ‘குருக்ஷேத்திரா’. 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் ‘பிரம்மவித்யா’ என்ற பெயரில் மூன்று தொகுப்புகள் வந்தன. மூன்றும் சேர்ந்து ஒரே தத்துவ விசாரணையாக அமைந்தவை. இவ்வகை இசைக்கு ‘வேத மெட்டல்’ என்ற பெயர் நிலைத்தது. இதன்பின் 2013-இல் ‘ரிதா’, 2016-இல் ‘எனிமி ஆஃப் டுவாலிட்டி’ ஆகியவை வந்தன.

மேலே கண்ட மாற்றங்களோடு ஒப்பிட்டால் ருத்ராவின் பாதை ஒரு வகையில் வேறுபட்டது. இக்குழு கனத்தைக் குறைத்துக் கூட்டத்தைப் பெருக்கும் வழியை எடுக்கவில்லை. உறுமல் குரல், வேகம், இரட்டை டிரம் ஆகியவை அப்படியே நின்றன. அவற்றின் மேல் புதிய உள்ளடக்கம் ஏறியது. ஆகவே டெத் மெட்டல் ரசிகர் தாம் விரும்பிய எதையும் இழக்கவில்லை. கேள்வி வேறு திசையிலிருந்து எழக்கூடியது: கோயிலில் கேட்டுப் பழகிய மந்திரம் உறுமல் குரலில் ஒலிக்கலாமா என்பது. பெரும்பான்மை மெட்டல் ரசிகர்களுக்குப் பொருள் புரியாத மொழியிலும், பக்தர்களுக்குப் பழக்கமில்லாத ஒலியிலும் ஒரே பாடல் அமைந்திருக்கிறது. சிங்கப்பூர்த் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கல்களோடு சேர்த்து இக்குழுவின் இசையை ஆராய்ந்த கல்விப்புலக் கட்டுரை ஒன்று 2009-இல் வெளிவந்தது. ஒரு மெட்டல் குழுவின் ஒலி, குடிபெயர்ந்த தமிழர்களின் வரலாற்று ஆவணமாகவும் ஆனது.

நாதசுவரத்தோடு ஓர் ஒப்பீடு

மெட்டல் இசை தமிழ் வாசகர்கள் பலருக்குத் தொலைவானது. ஆனால் ஒலி மாற்றமும் அதன்மேல் எழும் விவாதமும் தொலைவானவை அல்ல. முற்காலத்தில் வழக்கில் இருந்த திமிரி நாயனம் குட்டையானது. உயர்ந்த சுருதியில் கூர்மையாக ஒலிப்பது. திறந்தவெளிச் சாமி புறப்பாட்டுக்கு ஏற்றது. திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தை நிலைநிறுத்தினார். அதை உருவாக்குவதில் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைத்திறன் துணைநின்றது. ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டார் இராஜரத்தினம் பிள்ளை. குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்தார். ஷெர்வானி அணிந்து கச்சேரி மேடையில் அமர்ந்தார்.

1996-இல் மெட்டாலிக்கா முடி வெட்டியதற்கு எழுந்த கூச்சலை இத்துடன் வைத்துப் பார்க்கலாம். இரண்டு இடங்களிலும் தலைமுடி இசையின் அடையாளமாக இருந்தது. இரண்டு இடங்களிலும் அதை வெட்டியது ‘நான் யார் என்பதை நானே முடிவு செய்வேன்’ என்ற அறிவிப்பாக இருந்தது. சாதிப் படிநிலையில் தாழ்த்தி வைக்கப்பட்ட ஒரு கலைஞருக்கு அந்த அறிவிப்பு வெறும் அலங்காரம் அல்ல. மற்ற இசைக் கலைஞர்களுக்குச் சமமாக மேடையில் அமரும் உரிமையைச் சார்ந்தது. விற்பனையின் உச்சியில் இருந்த மெட்டாலிக்காவுக்கு அப்படி ஒரு தேவை இல்லை. இந்த வேறுபாட்டையும் மறக்கக் கூடாது.

இன்று நாதசுவரம் என்றால் நாம் கேட்பது பாரி நாயனமே. இராஜரத்தினம் பிள்ளையின் மாணவரும், கோவில்பட்டியில் வாழ்ந்தவருமான காருகுறிச்சி அருணாசலம் 1962-இல் ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து வாசித்தது அந்த ஒலியை ஊர் ஊராகக் கொண்டு சென்றது. அதைப் பழமையான மரபு என்று நினைப்பவர்கள்தாம் இன்று பெரும்பான்மையினர். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கான்சாபுரம் வட்டாரத்துக் கோயில் விழாக்களில் நையாண்டி மேளத்துக்கு அருகில் செண்டை மேளமும் பேண்டு செட்டும் வந்து நிற்கும்போது, ‘பழைய மேளம்போல வருமா’ என்று பெரியவர்கள் சொல்வதும், இளைஞர்கள் புதிய மேளத்தின் முன் ஆடுவதும் இதே விவாதத்தின் உள்ளூர் வடிவம்.

எதிர்வினைக்கான காரணங்கள்

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து ரசிகர்களின் எதிர்வினைக்கு மூன்று காரணங்களைப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, நோக்கம் பற்றிய ஐயம். ஒலி எவ்வளவு மாறியது என்பதைவிட, யாருக்காக மாறியது என்பதையே ரசிகர்கள் எடைபோடுகின்றனர். அயோமியின் தாழ்ந்த சுருதியை எவரும் குறைகூறவில்லை; அது அவருடைய விரல்களின் தேவை. ருத்ராவின் மாற்றம் உறுப்பினர்களின் சொந்தத் தேடலிலிருந்து வந்தது. சந்தைக்காக வந்ததாகத் தோன்றிய ‘கோல்ட் லேக்’ மன்னிக்கப்படவில்லை. ஆனால் நோக்கத்தை வெளியிலிருந்து சரியாக அறிய முடியாது; அதனால்தான் அவசரத் தீர்ப்புகள் பின்னால் மாறுகின்றன.

இரண்டாவது, உரிமையுணர்வு. வானொலியும் தொலைக்காட்சியும் கண்டுகொள்ளாத காலத்தில் ஒலிநாடாவைப் பிரதி எடுத்துப் பரப்பியவர்கள் ரசிகர்களே. குழு வளர்ந்ததில் தங்களுக்கும் பங்குண்டு என்று அவர்கள் கருதுவது நியாயமே. அந்தப் பங்கு அடுத்த பாடலை எப்படி அமைப்பது என்று ஆணையிடும் உரிமையைத் தருமா என்பதில்தான் கருத்து வேறுபாடு.

மூன்றாவது, இளமை நினைவு. பதினைந்து பதினாறு வயதில் கேட்ட இசை வாழ்நாள் முழுவதும் தனியிடம் பெறுகிறது. குழு மாறும்போது அந்த வயதும் கைநழுவுவதாகத் தோன்றுகிறது. இருபது வயதில் சினத்தைப் பாடிய கலைஞர் ஐம்பது வயதிலும் அதே சினத்தைப் பாட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவரைச் சிலையாக்குவது போன்றது. எனினும், பணம் கொடுத்துக் கச்சேரிக்கு வரும் ரசிகர் பழைய பாடல் ஒன்றை எதிர்பார்ப்பதைத் தவறு என்றும் சொல்ல இயலாது. புதிய தொகுப்பில் தம் விருப்பம்போல் மாறுவதும், மேடையில் பழைய பாடல்களைக் கைவிடாமல் இருப்பதும் இதற்குக் குழுக்கள் கண்ட நடைமுறைத் தீர்வு. 2011-க்குப் பின் ஓபெத் செய்ததும் இதுவே.

மதிப்பீடு

ஐம்பத்தைந்து ஆண்டுக்கால மெட்டல் வரலாற்றில் வெளியான நாளின் தீர்ப்பு நிலைத்தது குறைவு. 1984-இல் குறைகூறப்பட்ட மெட்டாலிக்கா பாடலும் 1991-இன் கறுப்புத் தொகுப்பும் பின்னர் ஏற்கப்பட்டன. ‘கோல்ட் லேக்’ ஏற்கப்படவில்லை. ‘செயின்ட் ஆங்கர்’ இன்னும் விவாதத்தில் உள்ளது. ஒரு மாற்றம் நிலைக்குமா என்பதை அடுத்த தலைமுறைக் கேட்போர் அந்த இசையைத் தங்கள் தொடக்கமாகக் கொள்கிறார்களா என்பதே பெரும்பாலும் முடிவு செய்திருக்கிறது. பாரி நாயனம் அந்தத் தேர்வில் வென்றது. திமிரி ஏறத்தாழ மறைந்தது. ஒரு மாற்றம் வெல்லும்போது மற்றோர் ஒலி இழக்கப்படலாம் என்பதால், பழையதைக் காக்க வேண்டும் என்று குரல் கொடுக்கும் ரசிகரின் பங்கும் இசை வரலாற்றுக்குத் தேவையானதே. புதியதைப் படைக்கும் கலைஞரும் பழையதை நினைவில் வைத்திருக்கும் ரசிகரும் இரு பக்கமும் இழுப்பதால்தான் ஒரே குழுவின் பல ஒலிகளும் அடுத்த தலைமுறைக்குக் கேட்கக் கிடைக்கின்றன.